நடுக்கம்பி இல்லாத சைக்கிள்

பாளையங்கோட்டை,
1910ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 18ந் தேதி, செவ்வாய்க்கிழமை.

கொழும்பு நகரில் கம்பெனி உத்தியோகத்தில் நற்பெயருடன் விளங்கும் பிரியமுள்ள மைத்துனர் பாக்கியசீலன் அவர்களுக்கு, அப்பாத்துரை உபாத்தியாயர் அநேக வந்தனத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடத்தில் தேவகிருபையினால் யாவரும் சுகம், என் இடது முழங்கால் ஒன்று நீங்கலாக. அவ்விடத்துச் சுகத்தையும், மழை பெய்ததா என்பதையும், நீர் இன்னும் அந்தப் பொரித்த மீனை மூன்று வேளையும் சாப்பிடுகிறீரா என்பதையும் விவரமாக எழுதவும்.

இந்தக் கடிதத்தின் நோக்கம் ஒன்றே ஒன்று. நீர் உம்முடைய அக்காளுக்கு, அதாவது என் மனைவிக்கு, உடனே கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி, அவளைச் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்ல வேண்டும். நான் சொல்லிப் பார்த்துவிட்டேன். நான் சொல்லும்போது அவள் நின்று கேட்பதில்லை. நின்றால் வண்டி சாய்ந்துவிடும் என்கிறாள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தோம் என்பதை முதலிலிருந்து சொல்கிறேன். குற்றம் உம்முடையது என்று சொல்ல வரவில்லை. தொடக்கம் உம்முடையது என்று மட்டும் சொல்கிறேன். ஜூன் மாதத்தில் நீர் எழுதினீர் அல்லவா, நம் பக்கத்துப் பிள்ளைகள் சுயமாக யோசித்துப் பழக வேண்டும், ஆகையால் ஒரு வியாசப் போட்டி வையும், ‘நான் யார்’, ‘நானும் சமூகமும்’, ‘புதிதாக வரும் யந்திரங்கள்’ என்று மூன்று பொருள்களையும் சேர்த்து ஒரே வியாசமாக எழுதட்டும், பள்ளிக்கூடத்திலோ ஓய்வுநாள் பள்ளியிலோ படிக்கிற எவரும் எழுதலாம், முதற்பரிசு ஒரு சைக்கிள் என்று? அந்த ‘எவரும்’ என்ற இடத்தில் நான் கொஞ்சம் நிதானித்திருக்க வேண்டும். நிதானிக்கவில்லை. சைக்கிள் வருகிற மகிழ்ச்சியில் ஊரெல்லாம் விளம்பரம் ஒட்டிவிட்டேன். பிறகு வண்டி தூத்துக்குடியில் கப்பல் இறங்கி, ரயில் ஏறி, வைக்கோல் சுற்றி நம் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. பிரித்துப் பார்த்தால் உட்காரும் இடத்திலிருந்து கைப்பிடிக்குப் போக வேண்டிய நடுக்கம்பியைக் காணோம்! வழியில் கழன்று விழுந்திருக்கும் என்று துறைமுகத்துக்குக் காகிதம் எழுதினேன், ரயில்வேக்குக் காகிதம் எழுதினேன், கடைசியில் வண்டியைத் தள்ளிக்கொண்டு கொல்லர் சங்கிலிபூதத்தானிடம் போய் ஒரு கம்பி வைத்துத் தரும்படி கேட்டேன். அவர் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். “அண்ணாச்சி, இதுல ஒண்ணும் கழறலை, ஒண்ணும் ஒடையலை. செஞ்சவன் இப்படித்தான் செஞ்சிருக்கான். அவனுக்கு ஏதோ ரோசனை இருந்திருக்கும். நாம கைவைக்கப்பிடாது” என்றார். அந்த யோசனை என்ன என்று எனக்கு அப்போது தெரியவில்லை. உமக்குத் தெரியுமா, தெரியாதா? ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் பதில் எழுதவும்.

போட்டி என்றால் பரிசு தன் பிள்ளைக்குத்தான் என்று ஒவ்வொரு தகப்பனும் என் வீட்டுக்கு முருங்கைக்காயும் பனங்கிழங்கும் அனுப்பத் தொடங்கினார்கள். பெயரைப் பார்த்துப் பரிசு கொடுத்தான் என்ற சொல் எனக்கு வேண்டாம் என்று, பத்திரப் பதிவு ஆபீசில் குமாஸ்தாவாக இருக்கும் என் சிநேகிதர் சுப்பராமன் அவர்களிடம் யோசனை கேட்டேன். அவர் இந்தக் கைரேகை சாஸ்திரத்தில் புதிதாகப் பித்துப் பிடித்தவர். ஜோசியக் கைரேகை அல்ல, பத்திரங்களில் இடதுகைக் கட்டைவிரலை மையில் ஒற்றி வாங்குகிறார்களே, அது. “ஓய் அப்பாத்துரை, பேர் போட்டா எவன் பிள்ளைன்னு பாப்பீர். நம்பர் போட்டா அது சாயங்காலத்துக்குள்ள சந்தைக்கு வந்துடும். வியாசத்தின் அடியில கட்டைவிரலை ஒத்தச் சொல்லும். எங்கிட்ட ஒரு புஸ்தகத்துல பேரோட அதே விரலை ஒத்தச் சொல்லும். உலகத்துல ரெண்டு பேருக்கு ஒரே ரேகை கிடையாது, தெரியுமோ?” என்றார். இதைவிட நவீனமான நியாயம் சென்னைப் பட்டணத்தில்கூடக் கிடையாது என்று நான் பூரித்துப்போனேன். வியாசங்களைப் போட ஒரு தகரப் பெட்டியை நம் வீட்டு முன்னறையில் வைத்தேன்.

நாற்பத்திரண்டு வியாசங்கள் விழுந்தன. மைத்துனரே, அவற்றில் இருபத்தேழு வியாசங்கள், “என்னைப்போல் இன்னொருவன் இவ்வுலகில் இல்லை, என் சிந்தனை யாரிடமும் கடன் வாங்கியதன்று” என்று ஒரே வாக்கியத்தில், ஒரு எழுத்துப் பிசகாமல் தொடங்கின. எவனோ ஒருவன் எழுத, இருபத்தாறு பேர் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த முதல் ஒருவன் யார் என்று கேட்டேன். இருபத்தேழு பேரும் கை தூக்கினார்கள். மீதியில் சில நன்றாகவே இருந்தன. ஒரு பிள்ளை, “கிராமபோன் பெட்டியை அரசாங்கம் தடை செய்ய வேண்டும், என் தகப்பனார் பேசுவதை அதில் பிடித்து வைத்தால் அவர் வெளியூர் போனாலும் நான் திட்டு வாங்க வேண்டிவரும்” என்று எழுதியிருந்தான். இன்னொருவன், “டைப் அடிக்கும் யந்திரம் வந்தால் எல்லார் கையெழுத்தும் ஒன்றாகிவிடும், அப்போது யாரை அடிப்பது என்று உபாத்தியாயருக்குத் தெரியாது, இதுவே விஞ்ஞானத்தின் பெரிய நன்மை” என்று எழுதியிருந்தான். ஒரு பெண் பிள்ளை, “ரயிலில் எல்லா ஜாதியாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், கங்கைகொண்டான் ஸ்டேஷனில் இறங்கியவுடன் ஆளுக்கு ஒரு பாதையில் போய்விடுகிறார்கள், ஆகையால் ரயில் நிற்காமலே இருந்தால் சமூகம் திருந்தும்” என்று எழுதியிருந்தாள். இதற்கு நான் ஓரத்தில் ‘நன்று’ என்று எழுதி, நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் நாற்பத்திரண்டாவது வியாசம் இருக்கிறதே! அதை வாசித்தபோது என் காபி ஆறிப்போனது. அதில் ஒரு பகுதியை உமக்காக இங்கே எடுத்து எழுதுகிறேன்.

“என்னை ஒருவர் தம் பிள்ளை என்கிறார், ஒருவர் உடன்பிறப்பு என்கிறார், தெருவில் உள்ளவர்கள் இன்னார் வீட்டு ஆள் என்கிறார்கள். அவரவர் தம்மைச் சொல்லி முடித்து, மீதி இருப்பதை எனக்குப் பெயராக வைக்கிறார்கள். எங்கள் வீட்டில் குடும்பத்தாரைப் புகைப்படம் எடுத்தார்கள். அந்த நிமிஷத்தில் நான் அசைந்துவிட்டேன். என் இடத்தில் ஒரு புகை மாத்திரம் விழுந்திருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் பார்த்து, படம் மிகவும் நன்றாக வந்திருக்கிறது என்கிறார்கள். ஆனால் இப்போது விரலை மையில் ஒற்றுகிற வித்தை வந்திருக்கிறது. என் விரலைப் பார்த்தேன். யாருடைய பிள்ளை, யார் வீட்டு ஆள் என்று அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ஒரு சுழி, அதன் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. இந்த யந்திர காலத்துக்கு நான் நன்றி சொல்கிறேன். அது என்னைக் கேட்காமலே நான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டது.”

இதை எழுதியவர் பழுத்த கல்விமான், அறுபது வயதுக்குக் குறையாதவர், ஒருவேளை உத்தியோகத்திலிருந்து விலகியவர் என்று, படிக்கிறவர்கள்தான் எழுதலாம் என்ற விதியையும் மறந்து, நான் அன்றைக்கே தீர்மானித்துவிட்டேன். சபையாரை வீட்டுக்கு அழைத்து, ஜெபக்கூட்டத்துக்குப் பிறகு முன்னறையில் நின்று உரக்க வாசித்தேன். எங்கே நின்று வாசித்தேன் தெரியுமா? நம் குடும்பப் புகைப்படத்துக்கு நேர் கீழே. அந்தப் படத்தில் நீர் இருக்கிறீர், நான் இருக்கிறேன், என் மகன் செல்லத்துரை இருக்கிறான். அவன் மூக்கைத் துடைக்கத் திரும்பிய உம் அக்காள் இருக்கிற இடத்தில் புகை இருக்கிறது. நான் அண்ணாந்து பார்க்கவில்லை. கூட்டத்தில் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. உம் அக்காள் எல்லாருக்கும் சுக்குக்காபி கொடுத்துக்கொண்டு போனாள். நான் உணர்ச்சி மேலிட்டு, “இதை எழுதியவர் யாராயிருந்தாலும் சரி, அசனப் பண்டிகையன்று சபை நடுவில் அவர் பெயரைச் சொல்லிப் பரிசு கொடுப்பேன், இது என் வாக்கு” என்று சொல்லிவிட்டேன். குருவானவர் ஆமென் என்றார். ஆமென் போட்ட வாக்கிலிருந்து எப்படித் தப்புவது?

மறுநாள் ரேகையைச் சுப்பராமன் புஸ்தகத்தோடு ஒப்பிட்டால், அங்கே நாற்பத்தொரு விரல்தான் இருக்கிறது! குறுக்குத் தழும்புள்ள சுழி இல்லவே இல்லை. எழுதியவர் தன்னடக்கத்தினால் மறைந்திருக்கிறார் என்று நினைத்து, மைக்கட்டையும் காகிதமும் எடுத்துக்கொண்டு நான் தேடப் புறப்பட்டேன். பண்டிகைக்கு மூன்று வாரம் இருந்தது. தச்சநல்லூரில் ஓய்வுபெற்ற தாசில்தார் காந்திமதிநாதன் அவர்களிடம் போய், “இதை எழுதியது தாங்கள்தானா?” என்று கேட்டேன். அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை; புன்னகை செய்தார். விரல் அவருடையதல்ல என்று தெரிந்த பிறகும் அந்தப் புன்னகை நிற்கவில்லை. இன்றைக்கும் அதோடுதான் கடைவீதிக்கு வருகிறார். மேலப்பாளையத்தில் ஜவுளி வியாபாரி முகம்மது சுல்தான், “வாத்தியாரே, உங்க மேல எனக்கு மருவாதி உண்டு. ஆனா மையை எடுத்துக்கிட்டு எவன் வந்தாலும் கையைப் பின்னால கட்டிக்கிடணும்னு எங்க வாப்பா சொல்லியிருக்காக” என்று இஞ்சிச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார். நான்கு நாளில் என்னைப் பற்றி ஊரில் மூன்று வதந்தி கிளம்பியது. கண்டிச் சீமைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறேன் என்பது ஒன்று. பனைமரத்துக்கெல்லாம் புது வரி எழுதுகிறேன் என்பது இரண்டு. மூன்றாவதுதான் மோசம்: வாத்தியாருக்குத் தம் பெயர் மறந்துவிட்டது, ஒவ்வொரு வீடாகப் போய்த் தாம் யார் என்று விசாரிக்கிறார் என்று சொன்னார்களாம். வியாசத் தலைப்பு ‘நான் யார்’ என்று எத்தனை பேரிடம் விளக்குவது?

பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலையில் தோற்றுப்போய் சுப்பராமனிடம் போனேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு புஸ்தகத்தைத் திருப்பினால், என்ன ஆச்சரியம், எல்லாப் பக்கத்திலும் அந்தத் தழும்புச் சுழி மங்கலாகத் தெரிகிறது! “சுப்பராமரே, எல்லாரும் ஒரே ஆள்! உம்முடைய சாஸ்திரம் கவிழ்ந்தது!” என்று கத்தினேன். அவர் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். பிறகு பைய என் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, தம்முடைய பூதக்கண்ணாடியை அதன்மேல் வைத்துப் பார்த்தார். “ஓய், ரேகை காகிதத்துல இல்லை. உம்ம கண்ணாடியில இருக்கு. தேங்காயெண்ணெய்க் கையோட யாரோ பிடிச்சிருக்கா. உம்ம கண்ணாடியை யார் துடைக்கறது?” என்றார்.

கல்யாணமாகிப் பதினான்கு வருஷமாக, தினமும் காலையில், உம்முடைய அக்காள்தான் துடைக்கிறாள். இடதுகைக் கட்டைவிரலால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு வலதுகையால் முந்தானையில் துடைப்பாள். மூன்று வாரமாக அந்த விரலைத் தேடி, அந்த விரலின் வழியாகவே உலகத்தைப் பார்த்துக்கொண்டு, ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன்! சுப்பராமன் சிரிக்கத் தொடங்கியவர், ஆபீசில் ஒரு பத்திரம் பதிவாகும் வரை சிரித்தார்.

வீட்டுக்கு ஓடினேன். அவள் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஏளா, உன் இடது கையைக் காட்டு.”

“இப்பதான் தோணிச்சா? ஊரு பூரா கையைப் பிடிச்சுப் பாத்துட்டு வந்தாச்சு, வீட்டுல உள்ள கை கடைசியா?” என்று கையை நீட்டினாள். அரிவாள்மணைத் தழும்பு, சுழியின் குறுக்கே, சாய்வாக.

“உனக்கு இப்படி எழுதத் தெரியும்னு ஏன் சொல்லலை?”

“நீங்க எங்க கேட்டீக? கடுதாசி எல்லாம் நீங்கதான எழுதுதீங்க. எந்தம்பிக்கு என் வந்தனத்தையும் நீங்களே அடியில போட்டு ஒட்டிருதீங்க. ஓய்வுநாள் பள்ளியில எட்டு வருசமா நானும் படிக்கேன். ‘எவரும்’னு நீங்கதான விளம்பரம் ஒட்டுனீக?”

நான் உட்கார்ந்துவிட்டேன். என் வாக்கு, என் உத்தியோகம், ஊர்ச் சிரிப்பு எல்லாம் கண்முன்னே வந்தது. தீர்ப்பு எழுதியவன் தன் மனைவிக்கே பரிசு கொடுத்தான் என்பார்களே! ஒரு வழி சொன்னேன்: பெயர் வெளியிட விரும்பாத ஒரு பெரியவர் எழுதினார் என்று அறிவித்து, வண்டியை இரண்டாவது வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம் என்றேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

“வண்டியை யாருக்கு வேணும்னாலும் குடுங்க. எனக்கு வருத்தமில்ல. எம்பேரை மட்டும் வாசிங்க. வாத்தியார் வீட்டுக்காரின்னு சொல்லாதீங்க, செல்லத்துரை அம்மான்னு சொல்லாதீங்க. பேரைச் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை” என்றாள். மைத்துனரே, பதினான்கு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட முதல் காரியம் அதுதான் என்று எனக்கு உறைத்தது. வெட்கமாக இருந்தது. மிகவும் வெட்கமாக இருந்தது.

அசனப் பண்டிகை வந்தது. உமக்குத் தெரியும், வருஷத்தில் அந்த ஒருநாள் சபை முழுவதும் ஒரே பந்தலில் சாப்பிட உட்காரும். சோறும் கத்தரிக்காய்ச் சாம்பாரும் ஆட்டுக்கறிக் குழம்பும் மணக்க, எண்ணூறு பேர் இலை முன்னால் காத்திருக்க, சுப்பராமன் புஸ்தகத்தையும் பூதக்கண்ணாடியையும் ஏந்திச் சாட்சியாக என் பக்கத்தில் நிற்க, நான் வியாசத்தை வாசித்து முடித்தேன். “இதை எழுதியவர்...” என்றேன். பழக்க தோஷத்தால் “என் வீட்டு...” என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பெண்கள் பந்தியில் அவளைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “கிரேஸ்!” என்று கத்தினேன்.

பந்தியில் சலசலப்பு. “யாரு கிரேஸ்?” “நம்ம சபையிலயா?” “கிரேஸ்னு யாரும் இருக்காவளா?” என்று பெண்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அவள் பக்கத்து இலைக்காரி ஜெபகனி அவளிடமே, “வாத்தியாரம்மா, யாரு அது கிரேஸ்? உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாளாம். உம் அக்காள் எழுந்து நின்றாள். இடதுகைக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். அவ்வளவுதான். பெண்கள் பந்தி குலவை போட ஆரம்பித்தது. குருவானவர் கை தட்டினார். தச்சநல்லூர்க் காந்திமதிநாதன் அவர்கள் விருந்தாளியாக வந்தவர், அதே புன்னகையோடு தலையசைத்தார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. குழம்புக்கு உரித்த வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. ஒருவரும் நான் பயந்தபடி சிரிக்கவும் இல்லை. ரேகை தீர்ப்புச் சொன்ன பிறகு மனிதன் என்ன சொல்ல முடியும் என்று சுப்பராமன் எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

இங்கே நின்றிருந்தால் சுபம். வண்டியும் பெயரோடு சேர்ந்து அவளுக்கே வந்துவிட்டது அல்லவா? சங்கிலிபூதத்தான் வந்து பார்த்து, “அண்ணாச்சி, இப்பம் வெளங்குது! சீலை கட்டுனவக ஏறத்தான் செஞ்சவன் கம்பியை விட்டுட்டான்!” என்று குதித்தார். அவளுக்கு முன்னால் நான் பழகிவிட வேண்டும், குடும்பத் தலைவன் என்று ஒன்று இருக்கிறதே என்று, போன செவ்வாய்க்கிழமை நான் ஏறினேன். பாளையங்கால்வாய்க் கரை வரை சரியாகவே போனது. கரைக்குப் பிறகு நான் ஒரு பக்கமும் வண்டி ஒரு பக்கமும் போனோம். முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது. அவளோ நம் சபைக் கோயில் வளாகத்தைச் சுற்றி நான்கே நாளில் பழகிவிட்டாள். இப்போது காலையில் சந்தைக்கு வண்டி. மத்தியானம் தச்சநல்லூரில் நோயாளிப் பெண்களைப் பார்க்க வண்டி. பின்னால் ஜெபகனி ஓடுகிறாள், அவளுக்கும் பழக வேண்டுமாம். நேற்று ஒருவர் வாசலில் நின்று, “கிரேஸம்மா இருக்காங்களா?” என்றார். இல்லை என்றேன். “நீங்க யாரு, அவங்க வீட்டுக்காரரா?” என்றார்! இருபது வருஷம் இந்த ஊரில் பாடம் சொல்லிக்கொடுத்தவனைப் பார்த்துக் கேட்கிறார்! மறுபடியும் என் தலையில் ‘நான் யார்’ என்ற வியாசம் வந்து விழுந்திருக்கிறது. ஆகவே, நீர் தம்பி என்ற உரிமையோடு எழுதும். குடும்பப் பெண்ணுக்குச் சைக்கிள் ஆகாது, உடனே வண்டியை மூலையில் சாத்து, இல்லாவிட்டால் திரும்பக் கொழும்புக்கு அனுப்பு என்று கண்டித்து எழுதும். கருணை காட்ட வேண்டாம்.

உமக்கும் உமது வீட்டாருக்கும் கர்த்தர் நல்ல பசியையும், பசிக்கேற்ற சோற்றையும், சோற்றுக்கேற்ற தூக்கத்தையும் தந்து காப்பாராக. செல்லத்துரை முத்தம் சொல்லுகிறான். உம்முடைய அக்காள் வந்தனம்

(மேலே உள்ள வரியை அப்படியே விட்டுவிடுகிறேன். அதை எழுத எனக்கு உரிமை இல்லை என்று இப்போதுதான் நினைவு வந்தது.)

இப்படிக்கு,
பிரியமுள்ள அத்தான்,
அப்பாத்துரை.

பின்குறிப்பு: மணி இரண்டரை. கொழும்புத் தபால் பையைப் ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கத்து ரயில் ஸ்டேஷனில் மூன்று மணிக்குக் கட்டிவிடுவார்கள். நீர் வெள்ளிக்கிழமை கண்டிப் பக்கம் போய்விட்டால் கிறிஸ்மஸ் வரை இந்தக் கடிதம் உமக்கு எட்டாது. என் காலோ தரையில் ஊன்ற வரவில்லை. மாட்டுவண்டி போய்ச் சேர ஒரு மணி நேரமாகும். யோசித்துப் பார்த்ததில், அரை மணியில் பாலத்தைக் கடக்கக்கூடிய ஆள் இந்த வீட்டில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள். ஆகையால் மேலே சொன்னபடி ஒன்றும் எழுத வேண்டாம். அதற்குப் பதிலாக நல்ல கனமான மணி ஒன்று வாங்கி அனுப்பும். பாலத்தின் மேல் வண்டிக்காரர்கள் அவளுக்கு வழிவிடுவதில்லையாம். அந்த அநியாயத்தை என்னால் பொறுக்க முடியவில்லை.

தம்பி பாக்கியசீலனுக்கு: ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். பை கட்ட இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது என்று மாஸ்டர் சொல்லி, மைக்கூடும் பேனாவும் கொடுத்தார். நடுக்கம்பி விஷயத்தில் அத்தானிடம் ‘இல்லை’ என்றே எழுது. போன தடவை நீ கப்பல் ஏறும்போது நான் உன் காதில் சொன்னது நம்மோடு இருக்கட்டும். பதினான்கு வருஷமாக உனக்கு வந்த வந்தனங்களில் ஒன்றும் நான் சொன்னதில்லை. இது நான் சொல்வது. உனக்கு என் வந்தனம்.

கிரேஸ்

(இதன் அடியில், ஸ்டேஷன் மையில், ஒரு கட்டைவிரல்.)